தாடை வலிக்குதுங்க

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பெரிய டாக்டரம்மா, அவரிடம் பயிற்சியில் இருந்த சின்ன டாக்டர், கையில் கடிகாரத்துடன் நான், பிறகு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி அவர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய மகன். பெருந்துறைக் கம்பெனியில் ஷிப்டு மாற்றிக்கொள்ள முடியவில்லை. இன்னொருவர் எங்கள் ஆஸ்பத்திரியின் கண் டாக்டர். வெளியூரில் ஏதோ முகாம். மகன் வராததால் எதுவும் கெட்டுவிடவில்லை. கண் டாக்டர் இருந்திருக்க வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் சண்டைக்கு வருவார், கேட்டால் "எதுக்குங்க?" என்பார், அதற்கு நான் சொல்லும் எந்தப் பதிலும் அவருக்குப் போதாது. நான் அவரைப் பெரீம்மா என்று கூப்பிட்டேன். துடியலூரில் கீழே இட்லி மாவுக் கடையும் மேலே வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளுமாக இருந்த அவர் வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தேன். தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கம்ப்ளெய்ண்ட் பாட்டி'. அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் ஒரு பையனைக் கடை வாசலில் நிறுத்தி, "பாட்டின்னு மட்டும் சொல்லாதீங்க சாமி, மீதி செரிதான்" என்றார்.

எங்கள் பக்கம் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே யாரும் யாரையும் முகத்துக்கு நேராக மறுப்பதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் 'பரவாயில்லீங்க' என்போம். கொங்கு மரியாதை என்று மேடை போட்டு இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையில் பாதிதான் உண்டு. என் அப்பா பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதே தோட்டம்தான். கூலியைக் குறைத்தால் 'பரவாயில்லீங்க'. குறைத்ததையும் அடுத்த வாரம் தருகிறேன் என்றால் 'செரீங்க'. எங்கள் வீட்டில் அது மரியாதையாக இருந்ததில்லை. வேறு வார்த்தை எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அறை பார்க்க வந்த அன்று அப்பாவும் கூட வந்திருந்தார். நான் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் நிற்பார்.

"உள்ள வாங்க. வந்து உக்காருங்க" என்றார் பெரீம்மா.

"பரவாயில்லீங்க."

"உங்களுக்குப் பரவாயில்லைங்க. எனக்குப் பரவாயிருக்குது. அண்ணாந்து பாத்துப் பேசிக் கழுத்து நோவுது. உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில்தான். பெரீம்மா அதையும் விடவில்லை. "நல்லா சாஞ்சு உக்காருங்க. நாற்காலி முழுசுக்கும்தான் காசு குடுத்து வாங்குனேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க கண்ணு?"

மருத்துவம் சார்ந்த ஒரு பட்டப்படிப்பின் பெயரைச் சொன்னேன்.

"டாக்டரா?"

"இல்லீங்க."

"நர்ஸா?"

"இல்லீங்க. டாக்டருங்க செய்யற ஆராய்ச்சிக்கு உதவியாளருங்க."

"அப்ப அரை டாக்டரு" என்று முடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்துக்காக அம்மா காதில் இருந்ததை விற்றிருந்தார். 'அரை' என்றது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாடகையைச் சொல்லும்போது, "அரை டாக்டருக்கு முழு வாடகை எதுக்கு" என்று குறைத்துத்தான் சொன்னார்.

அவருடைய குணம் இந்த ஒன்றுதான். சரியில்லாததைச் சரியில்லை என்பார். அதிலும் 'ங்க' ஒன்று குறையாது. இடி இடிப்பதுபோல் பேசும்போதும் மரியாதை அப்படியே இருக்கும். அது உடையும் அளவுக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார். அப்போது கடையில் நிற்பவர்கள் சில்லறை வாங்காமலேயே கிளம்பிவிடுவார்கள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் அவருடைய ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், வீட்டுக் கல்யாணம். துணைக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார். பந்தியில் பெண்ணின் அப்பா, பெரீம்மாவுக்கு மாப்பிள்ளை முறை, கைகூப்பியபடி இலை இலையாக வந்தார். "சாப்பாடு எப்படிங்க?" எல்லா இலையிலிருந்தும் ஒரே பதில்: "அருமைங்க." இவர் இலைக்கு வந்தார்.

"ரசத்துல உப்பு இல்லீங்க மாப்பிளே."

அவர் சிரிக்க முயன்றார். "அப்படீங்களா... மத்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னாங்களே."

"மத்தவங்க உங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. நான் ரசத்தக் குடிச்சுப்போட்டுச் சொல்றேன். வெளிய இன்னும் ரெண்டு பந்தி நிக்குதுங்க. இப்பவே போட்டீங்கன்னா அவங்களாச்சும் நல்லாச் சாப்பிடுவாங்க."

அந்த மனிதர் முகம் கறுத்துப் போய்விட்டது. எனக்கு இலைக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுத்த பந்தியில் ரசத்தில் உப்பு இருந்தது என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வரவில்லை.

தனக்கும் அவர் அதையேதான் செய்துகொண்டார். மாவு அளவுக்கு மேல் புளித்துவிட்டால் கடை வாசலில் நின்று, "இன்னைக்கு மாவு ஆகாதுங்க, முக்குல இன்னொரு கடை இருக்குது, அங்க வாங்கிக்குங்க" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். "பரவாயில்லீங்க பெரீம்மா, தோசை ஊத்திக்கறேன்" என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "நான் ஆகாதுன்னு சொல்றேன். நீங்க என்னத்துக்கு எனக்குச் சமாதானம் சொல்றீங்க?"

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆடி மாதத்தில் தலைவலி வந்தது. இடது நெற்றிப்பொட்டில். அதுவரை தலைவலி என்று படுத்தவர் அல்ல. தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம், குப்பை வண்டி, பால் பாக்கெட், எல்லாவற்றையும் பற்றி முறையிடுபவர் தலையைப் பற்றி முறையிட்டால் என்ன புதுமை? மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் பாதியில் திருப்பிக் கொண்டுபோய், "இது கேக்கலீங்க, எடுத்துக்குங்க" என்றார். பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர், "வயசானா அப்படித்தாங்க இருக்கும்" என்றார். "நேத்து வரைக்கும் எனக்கு வயசாகலீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

எனக்கு உறைத்தது வேறொன்றில். ஒரு காலை தலை வாராமல் கடையைத் திறந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "சீப்பு பட்டா மண்டைத் தோலு எரியுது கண்ணு" என்றார். அன்று மதியம் சப்பாத்தியைத் தள்ளி வைத்துவிட்டு ரசம் சோறு கரைத்துக் குடித்தார். "மெல்ல முடியல. நாலு வாய் மென்னா தாடை புடிச்சுக்குது. நிறுத்துனா விட்டுருது."

இதைக் கேட்டதும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஏனென்றால் நான் வேலை செய்த ஆராய்ச்சியே அந்தத் தாடையைப் பற்றித்தான்.

ரத்தக்குழாய் அழற்சி என்று ஒரு நோய் இருக்கிறது. வயதானவர்களுக்குப் பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் வீங்கி உள்ளே குறுகிப்போகும். தலை வலிக்கும். மெல்லும்போது தாடைக்குப் போதிய ரத்தம் போகாமல் வலி எடுக்கும். கண்ணுக்குப் போகும் குழாயும் அடைத்துக்கொண்டால் பார்வை போய்விடும். போனது அநேகமாகத் திரும்பாது. முன்பே கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தால் கண்ணைக் காப்பாற்றிவிடலாம். உறுதி செய்ய அந்தக் குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பயாப்சி பார்க்க வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், நாளும் ஆகும். எங்கள் பெரிய டாக்டரம்மாவின் கேள்வி எளிமையானது. கிராமத்தில் ஒரு சாதாரண டாக்டர், கட்டில் பக்கத்தில் நின்றபடி, கையால் செய்கிற சோதனைகளை வைத்தே இதைச் சந்தேகிக்க முடியுமா? பொட்டைத் தொட்டுப் பார்ப்பது, இரண்டு கையிலும் நாடியும் பிரஷரும் பார்ப்பது, தலையில் சீப்பை மெதுவாக ஓட்டுவது, பிறகு ஒரு சூயிங்கத்தை மூன்று நிமிடம் விடாமல் மென்றுகாட்டச் சொல்லித் தாடை வலிக்கிறதா என்று கேட்பது. இவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பயாப்சியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

சூயிங்கம்தான் எங்களைக் குழப்பியது. வெளிநாட்டில் பலருக்கு வலிக்கிறதாம். எங்களிடம் வந்த பெரியவர்களில் யாருக்குமே வலிக்கவில்லை. எல்லோரும் கை கட்டி உட்கார்ந்து, "ஒன்னுமில்லீங்க" என்றார்கள். ஓரிருவர் அதை விழுங்கியும் விட்டார்கள். ஏன் என்று கேட்டால், "நீங்க குடுத்ததத் துப்பறது எப்படிங்க?" என்றார்கள். "நம்ம ஆளுங்க தாடையே வேற மாடல் போல" என்று சின்ன டாக்டர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கும் விளங்கவில்லை.

பெரீம்மாவை மறுநாள் காலையிலேயே அழைத்துப் போனேன். பொட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். துடிப்பு இருக்கிறது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டு கையிலும் பிரஷர் ஒன்றுதான். சீப்பு பட்டதும், "எரியுதுங்க" என்றார். பிறகு சூயிங்கத்தை வாயில் போட்டார். நான் கடிகாரத்தை அழுத்தினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நின்றுவிட்டார். மென்றதை உள்ளங்கையில் துப்பிச் சின்ன டாக்டரிடம் நீட்டினார்.

"தாடை வலிக்குதுங்க."

"இன்னும் மூணு நிமிஷம் ஆகலைங்க பாட்டி. மெல்லுங்க."

"வலிக்குதான்னு தானுங்க பாக்கறீங்க? வலிக்குது. இன்னும் எதுக்கு மெல்லறது?"

"முழுசா மென்னாத்தான் கணக்குல வருங்க."

"அப்ப நீங்க மெல்லுங்க. கணக்குல வரட்டும்."

டாக்டரம்மா குறுக்கிட்டார். "அம்மா, கோவப்படாதீங்க. கண்ணுல ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?"

"இடது கண்ணுல அப்பப்ப படுதா உழுந்த மாதிரி இருக்குதுங்க. சித்த நேரத்துல எந்திரிச்சுக்குது."

சின்ன டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "புரை இருக்குதுங்க மேடம். அதுவா இருக்கும்." கண் டாக்டரைக் கூப்பிடலாம் என்று நான் போன் அடித்தேன். முகாமில் சிக்னல் இல்லை.

டாக்டரம்மாவைக் குற்றம் சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். பெரீம்மாவுக்குச் சர்க்கரை நிறைய. ஊகத்தின் பேரில் ஸ்டீராய்டு போட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். அதோடு இந்த அம்மாள் வந்ததிலிருந்து பிரஷர் பட்டை இறுக்கம், கட்டில் உயரம், மின்விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் குறை சொல்லியிருந்தார். 'தாடை வலிக்குது' என்பதும் அந்த வரிசையில் இன்னொன்றாகக் கேட்டது. சின்ன டாக்டர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாளில் எழுதினார்: 'ஒத்துழைக்கவில்லை. சோதனை முடியவில்லை. சேர்க்க வேண்டாம்.' ரத்தச் சோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், "ரிசல்ட் வரட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம், ஊட்டுக்குப் போங்க."

"ரிசல்ட் எப்ப வருமுங்க?"

"சாயந்திரம் ஆயிரும்."

"அப்ப சாயந்திரம் வரைக்கும் நான் எங்கீம் போகலீங்க" என்று வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காவலாளி வந்து கேட்டபோது, "உங்க பெஞ்ச எடுத்துட்டுப் போகமாட்டேன், போங்க" என்றார்.

அடுத்து உள்ளே வந்தவர் கொடுமுடிக்காரர். காவிரிக் கரையில் சின்னதாக ஒரு வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்த பெரியவர். அவருக்கும் சில வாரங்களாகத் தலைவலி. உட்காரச் சொல்லும்வரை நின்றார். சூயிங்கத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மூன்று நிமிடமும் வாயை மூடியபடி ஒரு புன்னகையோடு இருந்தார். "வலிக்குதுங்களா ஐயா?" "ஒன்னுமில்லீங்க அம்மணி. நல்லாருக்குதுங்க." சின்ன டாக்டர், "பாத்தீங்களா, எவ்வளவு அருமையான மனுசன்" என்று என் காதில் சொன்னார். வலியில்லை என்று எழுதி, தலைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மத்தியானம் ஆனபோது வராந்தாவிலிருந்து பெரீம்மாவின் குரல் கேட்டது. முதலில் தமிழில். பிறகு தெலுங்கில். கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

கொடுமுடிக்காரர் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கையில் பன். பெரியவர் அதை டீயில் ஊறவைத்து ஊறவைத்து, மெல்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் என்று பெரீம்மா கேட்டிருக்கிறார். கொஞ்ச நாளாகவே தாடை கழன்று போகிற மாதிரி வலி என்று அவர் சொல்லியிருக்கிறார்.

"உள்ள கேட்டாங்களே, அப்ப ஏனுங்க சொல்லல?" பெரீம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அவ்வளவு பெரியவங்க, அவ்வளவு தன்மையாக் கேக்கறாங்க. நோவுதுன்னு எப்படிங்க சொல்றது? அவங்க குடுத்து நோவுதுன்னு ஆயிருமில்லீங்க?"

"மூணு நிமிசம் மென்னீங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கீங்க மென்னேன். டாக்டரம்மா முன்னால ஒக்காந்து மாடு மாதிரி அசை போடறதுன்னா வெக்கமா இருக்காதுங்களா? வெத்தலை மாதிரி கன்னத்துல அடக்கிக்கிட்டேன்."

அத்தனை மாதமாக வந்த அத்தனை பெரியவர்களும், கை கட்டியபடி, வாயைத் திறக்காமல், மெல்லாமல், எங்களுக்கு மரியாதை செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நாங்கள் வலியில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம். என் அப்பா வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

"டாக்டரு மனசு நோகக்கூடாதுன்னு உங்க கண்ணக் குடுத்துட்டுப் போவீங்களா? எந்திரிங்க!" என்று பெரீம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாமுங்க அம்மணி, அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு..."

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அவருடைய மனைவி என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் சொல்லச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வதற்குள் பெரீம்மா அவரை இழுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்துவிட்டார். நுழையும்போது பெரீம்மாவின் இடது தோள் கதவு நிலையில் சத்தமாக மோதியது. அவர் அந்த நிலையைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "அம்மா, அந்தப் பக்கம் கதவு தெரியலீங்களா?"

"படுதா உழுந்திருச்சுங்க. காப்பி குடிக்கறப்பவே. இந்தத் தடவை எந்திரிக்கல." அதை மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார். "மொதல்ல இவரப் பாருங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டு வந்துட்டாரு. இவருக்கும் தாடை வலிக்குது."

"நீங்க உக்காருங்கம்மா, உங்க கண்ணு..."

"எனக்கு நான் கத்திக்குவேன். இவரு கத்தமாட்டாரு."

அந்த மணி நேரத்திலேயே இரண்டு பேருக்கும் ஸ்டீராய்டு ஊசி ஏறியது. சாயந்திரம் வந்த ரத்த ரிசல்ட்டும், அப்புறம் எடுத்த பயாப்சியும் இரண்டு பேருக்கும் ஒன்றையே சொன்னன. கொடுமுடிக்காரரின் இரண்டு கண்ணும் தப்பின. பெரீம்மாவின் வலது கண் தப்பியது. இடது கண்ணில் விழுந்த படுதா எழவே இல்லை. முகாமிலிருந்து திரும்பிய கண் டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இனித் திரும்பாது என்று எழுதினார்.

ஊசி முடிந்த நாளில் டாக்டரம்மா தனியாக வார்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். "உங்களை நான் நம்பியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றார். அந்த வார்டில் இருந்த எல்லோரும், நானும்கூட, அடுத்து வரவேண்டிய ஒரே வார்த்தைக்காகக் காத்திருந்தோம். எங்கள் ஊரில் அந்த இடத்தில் வேறு வார்த்தை கிடையாது.

பெரீம்மா அதைச் சொல்லவில்லை.

"மன்னிப்பு எனக்கு எதுக்குங்க. அந்தப் பையன் என்னமோ எழுதுனாரே, ஒத்துழைக்கலைன்னு. அத அடிச்சுப்போட்டு, வலிக்குதுன்னு எழுதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டு என்ற கிட்ட காட்டுங்க."

டாக்டரம்மா போய் அந்தத் தாளை எடுத்துவந்து, அங்கேயே, கட்டிலில் வைத்து அடித்து எழுதினார். பெரீம்மா அதை வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். "இப்ப செரி" என்றார்.

அதற்குப் பிறகு சோதனையைச் செய்யும் விதத்தை மாற்றினோம். மெல்லும் அறையில் டாக்டர் இருக்கக்கூடாது. வெள்ளைக் கோட்டும் கூடாது. கூட வந்த மனைவியோ அண்ணனோ எதிரே உட்கார்ந்து தானும் மெல்ல வேண்டும். 'வலிக்குதுங்களா' என்று கேட்கக்கூடாது. எப்போது நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் போதும். தாடைகள் பேச ஆரம்பித்தன. ஆனால் இதைப் பெரிய வெற்றி என்று எழுத முடியாது. நாங்கள் கண்டது இவ்வளவுதான்: மெல்லும்போது வலித்தால் நம்ப வேண்டும், உடனே இயங்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் ஒருவர் கடைசிக் கூட்டத்தில், "பழசையும் சேத்துப் பாத்தா நம்ம மக்களுக்குத் தாடை வலியே வர்றதில்லைன்னு ஒரு புது விசயம் கெடைக்குதே, அதப் போட்டுக்கலாமே" என்றார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். நான் அங்கே தண்ணீர் பாட்டில் எடுத்து வைக்கும் இடத்தில் நின்றிருந்தேன். "முடியாதுங்க சார்" என்றேன். யார் பேசியது என்று அவர் தேடினார். "அவங்களுக்கு வலிச்சுதுங்க. நமக்கு மரியாதை குடுத்தாங்க. அந்த மரியாதைய நோய் இல்லைன்னு அச்சடிக்க முடியாதுங்க. அடிச்சீங்கன்னா நான் வெளிய போய்ச் சொல்லுவேன்." 'ங்க' ஒன்றும் குறையவில்லை. டாக்டரம்மா என் பக்கம் நின்றார். பழைய தாள்கள் எல்லாம் விலக்கப்பட்டன. என் வேலை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கப்படவில்லை. எனக்கு வேறு வேலை கிடைத்தது. அது பெரிய விஷயமல்ல.

பெரீம்மா இப்போது பெருந்துறையில் மகன் வீட்டில் இருக்கிறார். மாவுக் கடை போய்விட்டது. ஸ்டீராய்டு முகத்தை உப்ப வைத்தது, சர்க்கரையை ஏற்றியது. இரண்டையும் பற்றி டாக்டரம்மாவுக்கு வாரம் தவறாமல் போன் போட்டுக் குறை சொல்வாராம். டாக்டரம்மாவும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வாராம். கொடுமுடிக்காரர் ஒரு தடவை வெற்றிலைக் கட்டோடு அவரைப் பார்க்கப் போய், உங்களால்தான் எனக்குக் கண் என்று அழுதிருக்கிறார். "வெத்தலை வாடியிருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார் பெரீம்மா. பெரியவர் சிரித்துவிட்டாராம்.

டிஸ்சார்ஜ் ஆன நாள்தான் எனக்குள் அப்படியே நிற்கிறது. மகன் அன்று வந்திருந்தார். பணம் கட்டும் ஜன்னலில் பில்லை அவர் கையில் விடாமல் பெரீம்மாவே வாங்கிக்கொண்டார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னால் வரிசை நீண்டது.

"அம்மா, வுடுங்கம்மா. பரவாயில்ல, கட்டிருவோம்" என்றார் மகன்.

"சித்த இரு சாமி." ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் தாளைத் திருப்பிக் காட்டினார். "இது என்னுங்க அம்மணி, டாக்டரு பாத்ததுன்னு வந்த அன்னைக்கு ரெண்டு வாட்டி போட்டிருக்குது?"

"காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னுங்கம்மா."

"காலைல என்னைய யாரும் பாக்கலீங்க. மத்தியானந்தான் பாத்தாங்க. காலைலத எடுத்துருங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் பெரீம்மா பக்கம் கையைக் காட்டினேன். யாருக்கோ போன் செய்தாள், தலையாட்டினாள், அந்த வரியை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்துக் கொடுத்தாள். பெரீம்மா அதையும் முழுதாகப் படித்த பிறகுதான் மகனைப் பணத்தை எடுக்கச் சொன்னார்.

நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய், ஒரு இடது கண்.